ஐடிலில் என்ன, பூஸ்ட்டில் என்ன? பழைய காரில் டர்போ வைக்கப்போகும் பிள்ளைகளுக்கு

பழைய மாருதி 800, பழைய ஜென், எஸ்டீம் என்று எதையாவது கொண்டுவந்து நிறுத்தி, “அண்ணா, இதுக்கு டர்போ வைக்கலாமா?” என்று கேட்கும் பிள்ளைகளுக்குப் பெங்களூரில் எந்தக் காலத்திலும் குறைவில்லை. டர்போ எந்த அளவு, இன்டர்கூலர் எங்கே, எத்தனை பி.எஸ்.ஐ. ஏற்றலாம் என்றெல்லாம் கேட்பார்கள். வேக்குவத்தை என்ன செய்வது என்று கேட்பவர் அரிது. நான் பார்த்த வரையில், டர்போ வைத்த பழைய எஞ்சின்களில் பாதிக்கு மேல் சுண்டுவிரல் பருமன் ரப்பர் குழாய்களால்தான் கெட்டன. அந்தக் குழாய்களைப் பற்றித்தான் இந்த அறிவுரைகள். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் எஞ்சினையும் காப்பாற்ற வேண்டும், தங்களையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கவலை.

1. டர்போவை வாங்கும் முன் வேக்குவம் கேஜை மாட்டிப் பாருங்கள்.

பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது த்ராட்டில் தகடு வழியை அடைத்து நிற்கும். அதற்குப் பின்னால், மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் குறைந்துபோகும். அதுதான் வேக்குவம். வண்டியைச் செய்தவர்கள் அந்த இழுப்பை வீணாக விடவில்லை. பிரேக் பூஸ்டருக்கு, டிஸ்ட்ரிபியூட்டரின் டைமிங்குக்கு, எஞ்சின் வயிற்றில் சேரும் புகையை வெளியே எடுக்க, பெட்ரோல் டேங்க் ஆவியை எரிக்க, ஏ.சி. போட்டால் ஐடிலிங்கைத் தூக்க என்று ஆறேழு வேலைகளை அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 30 அங்குலம் பாதரசம். பெங்களூர் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 27 அங்குலம்தான். நல்ல எஞ்சின் ஐடிலில் மேனிஃபோல்டுக்குள் பத்துப் பதினோரு அங்குலத்தை வைத்துக்கொள்ளும். ஆகவே சென்னையில் 19 காட்டும் வண்டி இங்கே 16 காட்டும். ‘18 முதல் 21 வரை’ என்று எங்கோ படித்துவிட்டு எஞ்சினைப் பிரிக்க உட்காராதீர்கள். எண்ணை விட முள் எப்படி நிற்கிறது என்பதே முக்கியம். ஆடாமல் நின்றால் நல்லது. சீரான இடைவெளியில் விழுந்து விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. ஆடாமல், ஆனால் எதிர்பார்த்ததை விட மூன்று நான்கு அங்குலம் கீழே நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம், அல்லது மேனிஃபோல்டு பேக்கிங்கில் எங்கோ காற்று புகுகிறது. இந்தக் கோளாறுகளோடு டர்போ வைக்கவே கூடாது. இன்றைய எண்ணைத் தேதியோடு எழுதி வைத்தால், டர்போ வைத்த பிறகு எது மாறியது என்று தேட அதுவே உதவும்.

2. ஒவ்வொரு ஹோஸிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஐடிலில் உனக்குள் என்ன, பூஸ்ட்டில் உனக்குள் என்ன?

டர்போ இல்லாத எஞ்சினின் மேனிஃபோல்டு ஆயுள் முழுக்க இழுக்க மட்டுமே செய்திருக்கிறது. அதில் செருகிய ஹோஸ், பேக்கிங், டயஃப்ரம் எல்லாம் இழுப்பை நினைத்துச் செய்யப்பட்டவை. டர்போ வைத்த அன்று அதே மேனிஃபோல்டு சில நொடிகள் இழுக்கும், சில நொடிகள் தள்ளும். அந்தத் தள்ளல்தான் பூஸ்ட். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் குழாய் ஒவ்வொன்றையும் வரையுங்கள். எங்கே போய்ச் சேருகிறது, ஐடிலில் என்ன, பூஸ்ட்டில் என்ன என்று பக்கத்தில் எழுதுங்கள். வரைய முடியாத குழாய் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வரை வேலையை நிறுத்துங்கள். பழைய வண்டியில் யாரோ எப்போதோ திருகாணி செருகி அடைத்த நுனிகள் இருக்கும். இழுப்பு அந்தத் திருகாணியை உள்ளே பிடித்து வைத்திருந்தது. பூஸ்ட் வந்ததும் அது தெறித்து வெளியே போகும்.

தாளில் வரைந்த பிறகு குழாய்களை இரண்டு சாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு சாதி வேலை செய்கிறது: பிரேக் பூஸ்டர், எஞ்சின் வயிற்றுப் புகை, டேங்க் ஆவி. இவற்றில் காற்று உண்மையிலேயே ஓடுகிறது. இன்னொரு சாதி சேதி சொல்கிறது: டிஸ்ட்ரிபியூட்டர், மேப் சென்சர், ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர், ப்ளோ-ஆஃப் வால்வு. இவற்றில் காற்று ஓடுவதே இல்லை என்று சொல்லலாம். மேனிஃபோல்டில் இப்போது என்ன அழுத்தம் என்ற சேதி மட்டும் போகிறது.

3. ஒன்-வே வால்வு வேலை செய்யும் குழாய்க்கு. சேதி சொல்லும் குழாயில் அதைப் போடவே கூடாது.

புதியவர்கள் தவறும் இடங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். பூஸ்ட் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸிலும் ஒரு ஒன்-வே வால்வைச் செருகிவிடுகிறார்கள். என்ன நடக்கிறது? ஐடிலிலும் மெதுவாக ஓடும்போதும் இழுத்த வேக்குவம் அந்த டயஃப்ரத்துக்குள் சிறைப்படுகிறது. காலை அழுத்துகிறீர்கள், பூஸ்ட் ஏறுகிறது, மேனிஃபோல்டில் வேக்குவம் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அது பத்துப் பதினைந்து டிகிரி அட்வான்ஸை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறது. பூஸ்ட்டில் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய நேரத்தில் முன்னுக்குத் தள்ளிய நிலையில் எரிகிறது. நாக்கிங் வருகிறது, பிஸ்டனின் ரிங் இடுக்குகள் உடைகின்றன. எல்லாம் ஐம்பது ரூபாய் பிளாஸ்டிக் துண்டால்.

வால்வு இல்லாமல் அப்படியே விட்டால் டயஃப்ரம் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். பழைய ரப்பர் அதைத் தாங்காமல் கிழியலாம். இரு பக்கமும் வேலை செய்யும் டயஃப்ரம், அதாவது வேக்குவத்தில் அட்வான்ஸும் பூஸ்ட்டில் ரிடார்டும் தருவது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வேக்குவம் அட்வான்ஸைக் கழற்றி நுனிகளை முறையாக அடைத்துவிட்டு, பூஸ்ட்டைப் பார்த்து டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும் மின்னணு இக்னிஷன் வையுங்கள். ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஒரு டிகிரி என்பது பழக்கத்தில் உள்ள தொடக்கக் கணக்கு. உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு என்பதை நாக்கிங்கைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். மெதுவாகப் போகும்போது மைலேஜ் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டர்போ இல்லாத எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் சென்சர் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் ஏறினாலும் அதே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும், ஈ.சி.யூ. அதே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். பூஸ்ட்டை சென்சரிடமிருந்து மறைக்கச் சிலர் சொல்லும் குறுக்குவழிகளைக் கேட்காதீர்கள். பூஸ்ட்டை அளக்கும் சென்சரும், அதைப் புரிந்துகொள்ளும் ஈ.சி.யூ.வும் வேண்டும்.

4. எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக்.

பூஸ்டர் என்பது ஒரு டயஃப்ரம். ஒரு பக்கம் வேக்குவம், மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் காலுக்குத் துணை. சென்னையில் 19 அங்குல வித்தியாசம் கிடைத்தால் இங்கே 16. ஆக, டர்போ வைப்பதற்கு முன்பே, ஐடிலில் நிற்கும் பெங்களூர் வண்டிக்கு அந்தத் துணை ஆறில் ஒரு பங்கு குறைவு. நந்தி மலை உச்சி 1,478 மீட்டர். அங்கே இன்னும் குறைவு.

பூஸ்டர் வாயில் ஒரு ஒன்-வே வால்வு கம்பெனியிலிருந்தே வருகிறது. இருபது இருபத்தைந்து வருடம் ஆன அந்த வால்வு வேக்குவத்தை ஓரளவு பிடிக்கும். பூஸ்ட்டைத் தடுக்குமா என்று யாரும் அதைச் சோதித்ததில்லை. அது கசிந்தால், வேக்குவம் இருக்க வேண்டிய அறைக்குள் அழுத்தக் காற்று புகுந்து டயஃப்ரத்தை உங்கள் காலுக்கு எதிராகத் தள்ளும். பூஸ்டர் இல்லாத பிரேக்கை விட அது கடினமாகிவிடும். மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் ஏறி, கொண்டையூசி வளைவுக்கு முன் காலைத் தூக்கிப் பிரேக் மிதிக்கும் அந்த நொடியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இது. பழைய வால்வையும் அதைப் பிடித்திருக்கும் ரப்பர் குரோமெட்டையும் புதிதாக மாற்றுங்கள். மேனிஃபோல்டு பக்கம் இரண்டாவது ஒரு வால்வு வையுங்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று லிட்டர் இரும்பு டேங்க் ஒன்று வைத்தால் சேமிப்பு கூடும். கேம் ஷாஃப்டும் மாற்றியிருந்தால் ஐடில் வேக்குவமே சரிந்திருக்கும். அப்போது மின்சார வேக்குவம் பம்ப் தவிர வேறு வழி தேடாதீர்கள். இன்றைய டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் கம்பெனியே தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைக்கிறது.

சோதனை எளிது. எஞ்சின் ஓடாமல் பெடலை நான்கைந்து முறை மிதித்துச் சேமிப்பைத் தீருங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து மிதித்தால் இரண்டு மூன்று மிதிக்குத் துணை மிச்சம் இருக்க வேண்டும். இது ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும் முன்பும். இந்தச் சோதனையில் தோற்ற வண்டியை என் பட்டறையிலிருந்து வெளியே விடமாட்டேன். நீங்களும் விடாதீர்கள்.

5. எஞ்சினின் வயிறு மூச்சுவிட வேண்டும்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். பட்டறையில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறோமே, அதுதான். டர்போ இல்லாத வண்டியில் பி.சி.வி. வால்வு வழியாக மேனிஃபோல்டு அதை இழுத்து எரித்துவிடும். டாப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் இன்னொரு ஹோஸ் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். பூஸ்ட்டில் இந்த ஏற்பாடு இரண்டு விதமாகத் தலைகீழாகிறது. சிலிண்டர் அழுத்தம் கூடுவதால் கீழே இறங்கும் வாயு கூடுகிறது. அதே நேரத்தில் அதை இழுக்க வேண்டிய மேனிஃபோல்டு, பழைய பி.சி.வி. வால்வு கசிந்தால், எஞ்சின் வயிற்றுக்குள் காற்றைத் தள்ளத் தொடங்குகிறது.

வயிற்றில் அழுத்தம் ஏறினால் கிராங்க் சீலில் ஆயில் கசியும், டிப்ஸ்டிக் மேலே எழும். அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத கேடு டர்போவில் நடக்கிறது. டர்போவின் பேரிங்குக்கு ஆயில் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பிப் போவதோ வெறும் புவியீர்ப்பில், நுரைத்த நிலையில், ஆயில் சம்ப்புக்கு. அதனால்தான் திரும்பும் குழாய் பருமனாக, மடிப்பில்லாமல், நேராகக் கீழே இறங்கி, சம்ப்பின் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும் என்கிறோம். வயிற்றில் அழுத்தம் இருந்தால் அந்த ஆயில் இறங்காது. டர்போவின் நடு உடலிலேயே தேங்கும். டர்போவின் சீல் பிஸ்டன் ரிங் மாதிரியான ஒரு உலோக வளையம். ரப்பர் உதடு கிடையாது. இரு பக்க அழுத்த வித்தியாசத்தை நம்பித்தான் அது ஆயிலைத் தடுக்கிறது. தேங்கிய ஆயில் அதைத் தாண்டி சைலன்சர் பக்கமும் போகும், காற்றுப் பக்கமும் போகும். நீலப் புகை வரும்.

உடனே தீர்ப்பு வந்துவிடும்: “டர்போ சீல் போச்சு.” டர்போவை மாற்றுவார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி அதே புகை. மூன்றாவது டர்போவும் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்பா அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய பணம் அது. புகை வந்தால் முதலில் டிப்ஸ்டிக் குழாயில் ஒரு சின்ன அழுத்தக் கேஜைப் பொருத்திப் பாருங்கள். பூஸ்ட்டில் அந்த முள் மேலே ஏறினால் குற்றவாளி டர்போ அல்ல.

தீர்வு இப்படி. பி.சி.வி. வழியில் பூஸ்ட்டைத் தாங்கும், ஆயில் ஆவியைத் தாங்கும் ஒன்-வே வால்வு ஒன்று. டாப்பெட் கவர் ஹோஸை ஆயில் பிரிக்கும் டப்பா வழியாக, ஏர் ஃபில்டருக்குப் பின், டர்போவின் வாய்க்கு முன் சேருங்கள். பூஸ்ட்டில் டர்போ இழுக்கும் இடம் அது. ஆகவே அந்த நேரத்தில் வயிற்றை அதுவே காலி செய்யும். ஹோஸை வெறுமனே கீழே தொங்கவிடாதீர்கள். நம் தெருவில் குழந்தைகள் மூச்சு விடுகிறார்கள். டப்பாவில் சேர்வதை மாதம் ஒருமுறை வடித்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் தண்ணீரும் சேரும், அப்போது இன்னும் அடிக்கடி.

ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு இத்தனையும் செய்தும் போதாது. அதற்கு டர்போவை மறந்துவிட்டு முதலில் எஞ்சின் வேலை பாருங்கள்.

6. டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா, அதாவது கேனிஸ்டர், இருந்தால் அதன் பர்ஜ் குழாயிலும் ஒன்-வே வால்வு. வால்வு இல்லாவிட்டால் பூஸ்ட் கரி டப்பா வழியாகப் பெட்ரோல் டேங்க் வரை போகும். ஏ.சி. போட்டால் ஐடிலிங்கைத் தூக்கும் ஐடில்-அப் டயஃப்ரத்துக்குப் போகும் குழாயையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

7. கார்புரேட்டர் வண்டியில் எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும்.

டர்போ காற்றைக் கார்புரேட்டருக்குள் தள்ளும் ஏற்பாட்டில், கார்புரேட்டரின் மிதவை அறைக்கும் அதே அழுத்தம் கிடைக்க வேண்டும். அந்த அறையின் காற்றுத் துளை வெளியே திறந்திருந்தால், மேலே பூஸ்ட்டும் அறையில் வெறும் காற்றுமாக, பெட்ரோல் ஜெட்டில் ஏறவே ஏறாது. பெட்ரோல் பம்ப்பும் பூஸ்ட்டைத் தாண்டி, அதற்கு மேல் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கொடுக்க வேண்டும். பூஸ்ட் ஏற ஏற அதே கணக்கில் ஏறும் ரெகுலேட்டர் வையுங்கள். அதற்குச் சேதி சொல்லும் குழாயை வேறு எதோடும் டீ போட்டுப் பகிர வேண்டாம்.

கார்புரேட்டர் வழியாக டர்போ இழுக்கும் பழைய ஏற்பாட்டில் த்ராட்டில் மூடும்போது டர்போவின் காற்றுப் பக்கம் முழுவதும் வேக்குவத்தில் இருக்கும். சாதாரண சீல் அந்த இழுப்பில் ஆயிலை விட்டுவிடும். அதற்குக் கார்பன் சீல் வைத்த டர்போ வேண்டும். டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போவில் அது இருக்காது. டீசலை விடப் பெட்ரோல் எஞ்சினின் புகைச் சூடும் அதிகம். இரண்டையும் யோசித்து முடிவெடுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கார்புரேட்டர் அதை அறியாது. ஜெட் பழைய பெட்ரோலுக்கு அளந்தது. கலவை தானாகவே மெலிந்துபோகும். பழைய ஹோஸ், பழைய பம்ப் டயஃப்ரம் அதற்குச் செய்யப்பட்டவையும் அல்ல. பூஸ்ட்டின் கீழ் ஒரு பெட்ரோல் ஹோஸ் கசிந்தால் அது சூடான டர்போவின் மேல்தான் விழும். எத்தனால் தாங்கும் புது ஹோஸ் முழுவதும், வண்டிக்குள் ஒரு தீயணைப்பான். இதில் பேரமே வேண்டாம்.

8. பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டுக்குத் தனி ஹோஸ். அது கழன்றால் பூஸ்ட் எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மேனிஃபோல்டிலிருந்து எடுக்காமல் டர்போவின் வெளிவாயிலிருந்து, முடிந்தவரை குட்டையாக எடுத்து, இரண்டு முனையிலும் கிளாம்பு போடுங்கள். இதில் கேஜுக்கு ஒரு டீ, அதற்கு ஒரு டீ என்று போடவே போடாதீர்கள்.

9. ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டு வாங்குங்கள். கண்ணால் பார்த்து வாங்காதீர்கள்.

சிலிக்கான் ஹோஸ் நீலம், சிவப்பு என்று அழகாக இருக்கும். சேதி சொல்லும் குழாய்க்கு, சுவர் தடித்ததாக இருந்தால் நல்லதே. சுவர் மெலிந்த சிலிக்கான் சூடேறியதும், தீர்ந்துபோன இளநீரில் உறிஞ்சும் ஸ்ட்ரா போல ஒட்டிக்கொள்ளும். ஆயில் ஆவி, பெட்ரோல் ஆவி போகும் இடத்தில் சாதாரண சிலிக்கான் வியர்த்துக் கசியும். அங்கே ஆயில் தாங்கும் ரப்பர்தான். பிரேக்குக்கு, பிரேக் வேக்குவத்துக்கென்றே செய்த ஹோஸ். ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸை வெட்டிப் போடுவது குற்றம். சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் டர்போ, இன்டர்கூலர், உலோகக் குழாய் எல்லாம் வாங்கலாம். ரப்பரையும் ஒன்-வே வால்வையும் பழையதாக வாங்காதீர்கள்.

இழுப்பு ஹோஸை நுனியில் பிடித்து வைக்கும். பூஸ்ட் பிடுங்கி எறியும். ஆகவே கிளாம்பு இல்லாத ஒரு நுனிகூட மிஞ்சக் கூடாது.

10. பெங்களூரில் டியூன் செய்த வண்டியைக் கீழே இறக்கும்போது மறுபடி கணக்குப் போடுங்கள்.

பெங்களூருக்கு டர்போ புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை 1948 முதல் இங்கே கொண்டுவந்து, பழுது நீக்கி, இந்திய விமானப்படைக்குக் கொடுத்தது நம்முடைய எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை. 1968 வரை அவை பணியில் இருந்தன. அந்த விமானத்தின் எஞ்சின் நான்கும் டர்போ பொருத்தி வடிவமைத்தவை. அப்படிப்பட்ட விமானத்தில் விமானி பார்க்கும் மேனிஃபோல்டு கேஜ் நம் கேஜ் மாதிரி பூஜ்யத்திலிருந்து தொடங்காது. வெளியே எந்த உயரமாக இருந்தாலும், மேனிஃபோல்டுக்குள் மொத்தம் எத்தனை அங்குலம் என்பதையே சொல்லும். எஞ்சினுக்குத் தெரிந்தது அந்த மொத்தம் மட்டுமே. வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதல் என்பது அதற்குத் தெரியாது. இதை மனதில் நன்றாகப் பதியவையுங்கள்.

நம் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் வெளிக்காற்றை வைத்து வித்தியாசம் பார்க்கிறது. 7 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய 14 அங்குலம். பெங்களூரில் 27-உடன் 14 சேர்ந்து 41. அதே வண்டி ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் போகிறது. அங்கே 30-உடன் 14 சேர்ந்து 44. உங்கள் கேஜ் இரண்டு இடத்திலும் அதே 7-ஐத்தான் காட்டும். எஞ்சினுக்குள் மூன்று அங்குலம் கூடிவிட்டது. சென்னைப் பக்கத்து வெயிலில் உள்ளே போகும் காற்றின் சூடும் கூடிவிட்டது. இரண்டுமே நாக்கிங்கைக் கூப்பிடும்.

கார்புரேட்டர் வண்டியில் ஆபத்து இன்னொரு படி. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதே ஜெட் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும். கடல் மட்டத்துக்கு இறங்கினால் கலவை மெலியும். பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே அது ஏறக்குறைய நான்கு ஐந்து சதவீதம். இங்கே சரியாக வைத்த கலவை அங்கே மெலிந்தது, அதோடு எத்தனால், அதோடு கூடுதல் அழுத்தம், அதோடு வெயில். பிஸ்டன் உருகுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பந்தயத்துக்கு இறங்குவதென்றால் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள், டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னுக்கு வையுங்கள், பூஸ்ட்டைக் குறையுங்கள், தடத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகே முழு ஆக்சிலரேட்டர். கோவை கரி ஸ்பீட்வேக்குப் போவதானால் வித்தியாசம் இதில் பாதிதான். கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் கணக்கு உண்டு.

மலையிறக்கத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். கியரில் எஞ்சின் பிரேக் பிடித்து இறங்கும்போது வேக்குவம் ஐடிலை விடக் கூடும். வால்வு கைடு தேய்ந்திருந்தால் அந்த இழுப்பில் ஆயில் உள்ளே போய், கீழே வந்து காலை வைத்ததும் நீலப் புகை ஒரு வீச்சாக வரும். அதை டர்போ புகை என்று எண்ணிவிடாதீர்கள்.

11. டீசல் வண்டிக்கு வேறு கணக்கு. டீசல் எஞ்சினில் பொதுவாகத் த்ராட்டில் இல்லை. மேனிஃபோல்டில் வேக்குவமும் இல்லை. டாடா சுமோவில் ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒரு வேக்குவம் பம்ப் இருக்கிறது, பிரேக்கை அதுதான் காக்கிறது. அதன் ஆயில் குழாய்களை டர்போ ஆயில் வேலையின்போது நசுக்கிவிடாதீர்கள். மிகப் பழைய சில டீசல்களில் காற்று வழியில் ஒரு தகடு வைத்து, அந்த இழுப்பால் டீசல் பம்ப்பின் நியூமேடிக் கவர்னரை ஆட்டுவார்கள். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு டர்போ வைத்தால் கவர்னர் தன் சேதியை இழக்கும். எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் ஓடலாம். பம்ப்பை மாற்றாமல் தொடாதீர்கள்.

12. சட்டம் தெரிந்து செய்யுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். எனவே இந்த வேலையைப் பந்தயத் தடத்துக்கென்று ஒதுக்கிய வண்டியில் கற்றுக்கொள்ளுங்கள். டிரக்கில் ஏற்றிக் கொண்டுபோங்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் உங்கள் முன்னால் ஸ்கூட்டரில் நிற்பவருக்கு உங்கள் பரிசோதனையில் எந்தப் பங்கும் இல்லை.

13. ஓட்டும் முன் ஊதிப் பாருங்கள்.

டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் ஒரு டியூப் வால்வு பொருத்தி, கம்ப்ரஸர் காற்றை 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் கொடுங்கள். டாப்பெட் கவர் ஹோஸைத் தனியே கழற்றி அதன் இணைப்பை அடைத்துவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். அந்த வாயிலிருந்து காற்று பலமாக வந்தால் பி.சி.வி. வழி கசிகிறது. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும், மேனிஃபோல்டு பேக்கிங்கிலும், கார்புரேட்டரின் த்ராட்டில் ஷாஃப்ட் முனைகளிலும் தடவுங்கள். வரைந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் குழாயாகப் போங்கள்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, முதலில் எழுதி வைத்த ஐடில் வேக்குவத்தோடு ஒப்பிடுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால் எங்கோ கசிவு; தேடுங்கள். பிரேக் சோதனை. அதன் பிறகு தடத்தில், வேஸ்ட்கேட் ஸ்பிரிங் கொடுக்கும் குறைந்த பூஸ்ட்டில், நான்கைந்து பி.எஸ்.ஐ.யில், ஒரு சுற்று. நிறுத்திப் பானெட்டைத் திறந்து ஒவ்வொரு ஹோஸ் நுனியையும் கையால் இழுத்துப் பாருங்கள், சூடு கவனம். மறுபடி பிரேக் சோதனை. இன்னொரு சுற்று. மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் எல்லா கிளாம்பையும் ஒருமுறை இறுக்குங்கள், ஆயில் மட்டத்தையும் டப்பாவில் சேர்ந்ததையும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் அப்போது ஒரு பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். ஒன்றே ஒன்று.